பல்பின் கழுத்தில் ஒரு சூத்திரம்

மூலம்

எச்.எஸ்.1 · 12 வி · 35/35 டபிள்யூ · பி.எக்ஸ்.43.டி · ஈ4 · யு

நூல் இவ்வளவுதான். மோட்டார் சைக்கிளின் ஹெட்லைட் பல்பைக் கழற்றி, கண்ணாடிக் குமிழுக்குப் பின்னால் உள்ள உலோக வளையத்தைத் துணியால் துடைத்தால் இதில் பெரும்பகுதி பொறித்திருப்பது தெரியும். விட்டுப்போனது பல்பு வந்த அட்டைப்பெட்டியில் இருக்கும். கம்பெனிக்குக் கம்பெனி சீர்கள் இடம் மாறும். 'ஈ' என்ற எழுத்துக்குப் பக்கத்து எண்ணும் மாறும். மூலம் ஆங்கில எழுத்தில் உள்ளது, இங்கே ஒலிபெயர்த்திருக்கிறேன். குறளைவிடக் குறுகிய நூல். குறளுக்குப் பழைய உரைகாரர்கள் மட்டும் பதின்மர். இதற்கு ஒருவரும் இல்லை.

உரை வேண்டிய காரணம் திருத்தணியில் இருக்கிறது. இந்த ஊரைச் சுற்றி இரவில் பைக் ஓட்டுகிறவர்கள் நிறைய. பொதட்டூர்பேட்டை, அம்மையார்குப்பம் பக்கத்துத் தறிகளில் வேலை முடித்து வருகிறவர்கள்; சென்னை ரயிலில் நேரங்கழித்து இறங்கி, ஸ்டாண்டில் போட்ட வண்டியை எடுத்துக்கொண்டு பள்ளிப்பட்டு வழியில் போகிறவர்கள்; நகரி வரை சரக்குக் கொடுத்துவிட்டு எல்லை தாண்டித் திரும்புகிறவர்கள். ஊரைத் தாண்டினால் தெருவிளக்கு அரிது. கரும்பு வெட்டும் மாதங்களில் திருவாலங்காட்டுச் சர்க்கரை ஆலைக்குப் போகும் டிராக்டர்களில், டிரெய்லருக்குப் பின்னால் விளக்கோ பிரதிபலிக்கும் ஸ்டிக்கரோ இல்லாதவை உண்டு. இருந்தாலும் தொங்கும் தோகை அதை மறைத்துவிடும். எதிரே திருப்பதி பஸ். இந்த நிலையில் மெக்கானிக் கடைக்கு வருகிறவர் கேட்கும் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "அண்ணா, வெளிச்சமே பத்தல. நூறு வாட் பல்பு போட்டுடலாமா?"

கேள்வியில் நியாயம் உண்டு. விடை மூலத்திலேயே உண்டு. அதில் உள்ள ஒவ்வொரு எண்ணும் வண்டியின் காயில், ஒயர், ஸ்விட்ச், ஹோல்டர், ஒளியைத் திருப்பி அனுப்பும் டூம், எதிரே வருகிறவரின் கண் ஆகிய எல்லாரோடும் செய்துகொண்ட உடன்படிக்கை. ஒரு சீரைத் திருத்துகிறவர் மற்றவர் எல்லாரையும் கேட்டாக வேண்டும். இதுவே இந்த உரையின் துணிபு.

எச்.எஸ்.1

பல்பின் இனத்தைச் சொல்லும் சீர். ஒரே குமிழுக்குள் இரண்டு இழைகள் கொண்ட சிறிய ஹாலஜன் பல்பு என்று பொருள். ஒன்று ஹை பீமுக்கு, மற்றது லோ பீமுக்கு. இதன் அண்ணன் எச்4. கார்கள் பலவற்றிலும், முந்தைய ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350 போன்ற பெரிய வண்டிகளிலும் இருப்பது அது. அங்கே எண்கள் 60/55 வாட். அன்றாடம் ஓடும் 100 சிசி வண்டிகளில் பெரும்பாலும் தம்பிதான்.

இழைகளைக் கண்ணாடி வழியாக உற்றுப் பார்க்க வேண்டும். லோ பீம் இழைக்கு அடியில் சிறு உலோகக் கிண்ணம் ஒன்று இருக்கும். அந்த இழையின் ஒளி டூமின் கீழ்ப்பாதியில் விழாதபடி அது மறைக்கிறது. மேல்பாதியில் பட்ட ஒளி மட்டும் கீழ்நோக்கித் திரும்பிச் சாலையில் விழுகிறது. எதிரே வருகிறவரின் கண்ணைக் காப்பது இந்தக் கிண்ணமே. மில்லிமீட்டர் கணக்கில் இடம் வகுத்த அமைப்பு. எல்.இ.டி. பேச்சு வரும்போது இந்தக் கிண்ணத்தை மறுபடி தேட வேண்டியிருக்கும்.

12 வி

நேராகப் பார்த்தால் 12 வோல்ட். ஆனால் ஓடுகிற வண்டியில் 12 வோல்ட் என்று ஒரு நிலை கிடையாது. முழுதாகச் சார்ஜ் ஆன பேட்டரி சும்மா இருக்கும்போது ஏறத்தாழ 12.6. இஞ்சின் ஓடிச் சார்ஜ் ஏறும்போது 14 பக்கம். பல்பின் ஒளியைச் சோதனைச்சாலையில் அளப்பது 13.2 வோல்ட்டில். அந்த அளவில் எச்.எஸ்.1 தர வேண்டிய ஒளி ஹை பீமில் 825 லூமன், லோ பீமில் 525. எச்4-க்கு 1650, 1000. ஆக, எச்4 இரு மடங்கு வெளிச்சம் தரும் பல்பு என்பது உண்மை. 13.2 வோல்ட் அதன் முனைக்கு வந்து சேர்ந்தால்.

சேருகிறதா என்பதே கேள்வி. இழை பல்பில் ஒளி வோல்ட்டேஜோடு சமமாகக் குறைவதில்லை. மூன்று மடிக்கும் மேலான விகிதத்தில் குறையும். 13.2 வரவேண்டிய இடத்தில் 12 வந்தால் போவது ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு வோல்ட், ஆனால் கால் பங்குக்கு மேல் ஒளி. 11.7 வந்தால் மூன்றில் ஒரு பங்கு ஒளி இல்லை. வெளிச்சமும் வெள்ளையிலிருந்து மஞ்சளுக்கு இறங்கிவிடும். "பல்பு பழசாயிடுச்சு" என்று புதிது வாங்கிப் போடுகிறார்கள். அதுவும் மஞ்சளாகவே எரிகிறது.

வோல்ட் எங்கே போகிறது? பேட்டரியிலிருந்து கிளம்பும் மின்சாரம் ஃபியூஸ், சாவி ஸ்விட்ச், ஹேண்டில்பாரில் உள்ள டிப்பர் ஸ்விட்ச், நடுவே மூன்று நான்கு கப்ளர், கடைசியில் ஹோல்டர் என்று சுற்றிக்கொண்டு வருகிறது. திரும்பும் வழியில் எர்த் ஒயர், பெயின்ட் அடித்த சேஸிஸில் துருப்பிடித்த ஒரு போல்ட். ஒவ்வோர் இணைப்பிலும் கொஞ்சம் தடை. எல்லாம் சேர்ந்து 0.3 ஓம் என்று வைத்துக்கொள்வோம். பத்து மழை பார்த்த வண்டிக்கு இது பெரிய எண் அல்ல. 35 வாட் பல்பு ஏறத்தாழ 3 ஆம்பியர் இழுக்கிறது. 3-ஐ 0.3-ஆல் பெருக்கினால் 0.9. கிட்டத்தட்ட ஒரு வோல்ட் வழியிலேயே காலி. இருக்கிற பல்பே ஐந்தில் ஒரு பங்கு ஒளியை இழந்துவிட்டுத்தான் எரிகிறது.

இவ்விடத்து, "வாட் கூடினால் வெளிச்சம் கூடும்" என்று உரைப்பாரும் உளர். அது பொருந்தாது. அதே ஒயரில் 100 வாட் பல்பைப் போட்டால் அது 8 ஆம்பியருக்கு மேல் கேட்கும். அதே 0.3 ஓமில் இப்போது இரண்டரை வோல்ட் போய்விடும். அந்தப் பல்பு தன் ஒளியில் ஏறத்தாழ பாதியைத்தான் தரும். நூறுக்குக் காசு கொடுத்து ஐம்பதை வாங்கியதோடு முடிந்தால் பரவாயில்லை. காணாமல் போன இரண்டரை வோல்ட் எங்கும் போய்விடவில்லை, ஒயரில் சூடாக உட்கார்ந்திருக்கிறது. அந்தக் கதை அடுத்த சீரில்.

ஆதலால் வெளிச்சம் வேண்டுகிறவர் முதலில் செய்ய வேண்டியது பல்பு மாற்றுவது அன்று, அளப்பது. இஞ்சினைக் கொஞ்சம் வேகமாக ஓடவிட்டு, ஹெட்லைட்டைப் போட்டு, மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் பாசிட்டிவிலும் மறுமுனையை ஹோல்டரின் பாசிட்டிவ் தகட்டிலும் வைத்தால், மேல்வழியில் தொலைவது எவ்வளவு என்று மீட்டரே சொல்லும். இதே போல எர்த் பக்கமும். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அங்கே வேலை இருக்கிறது. கப்ளர் கழற்றித் துடைப்பது, எர்த் போல்ட்டின் அடியில் பெயின்டைச் சுரண்டுவது, பச்சை பூத்த தகடுகளை மாற்றுவது எல்லாம் டீ குடிக்கிற செலவில் முடிகிற வேலைகள். யாரும் கேட்பதில்லை என்பதால் யாரும் செய்வதுமில்லை.

இன்னொரு பக்கமும் உண்டு. வோல்ட் குறைந்தால் ஒளி போகும், கூடினால் பல்பே போகும். 5 சதவீதம் கூடுதலாக வந்தால் இழையின் ஆயுள் பாதிக்கு அருகே வந்துவிடும். மாதம் ஒரு பல்பு என்று போகிற வண்டியில் குற்றவாளி பல்பு கம்பெனி அல்ல. பெரும்பாலும் வோல்ட்டேஜைக் கட்டுக்குள் வைக்கத் தவறிய, கெட்டுப்போன ஆர்.ஆர். (ரெகுலேட்டர் ரெக்டிஃபையர்) யூனிட். அதை விட்டுவிட்டு "தடிமனான" 100 வாட் பல்பைப் போட்டு நிறுத்தப் பார்ப்பது, காய்ச்சலுக்குத் தெர்மாமீட்டரை மாற்றுகிற வைத்தியம்.

35/35 டபிள்யூ

நூலின் உயிர் இந்தச் சீர். வகுத்தல் குறி போலத் தெரியும் சாய்கோடு வகுத்தல் அன்று: ஹை பீமுக்கு 35 வாட், லோ பீமுக்கு 35 வாட் என்று பிரித்துப் படிக்க.

இந்த 35 யார் சொன்ன எண்? வண்டியின் மேக்னட் சொன்ன எண். இஞ்சினின் பக்கவாட்டு மூடிக்குள் சுழலும் காந்தச் சக்கரமும் அதற்குள் நிற்கும் காயிலும் சேர்ந்து உண்டாக்கும் மின்சாரத்தில்தான் எல்லாமே நடக்க வேண்டும். சிறிய வண்டியில் இந்த வருமானம் சிறியது. இஞ்சின் வேகத்தைப் பொறுத்து ஏறி இறங்குவது. செலவுப் பக்கத்தில் ஹெட்லைட் 35, பின்விளக்கு 5, பிரேக் பிடித்தால் 21, இண்டிகேட்டர் போட்டால் 10 வாட்டாக இரண்டு, ஹாரன், இக்னிஷன், மீட்டர் விளக்கு, போதாததற்கு ஹேண்டில்பாரில் மாட்டிய மொபைல் சார்ஜர். கம்பெனி இந்தப் பட்டியலைக் கூட்டித்தான் காயில் சுற்றியிருக்கிறது. இப்போது 35-ஐ 100 ஆக்கினால் 65 வாட் கூடுதல் செலவு. வருமானம் அதேதான்.

விளைவு வண்டிக்கு வண்டி வேறுபடும். இங்கே இருவகை வண்டிகளைப் பிரித்தறிய வேண்டும்.

முதலாவது ஏசி வண்டி. பழைய கிக்கர் வண்டிகளில் பல இந்த வகை. ஹெட்லைட்டுக்கென்று தனிக் காயில். அதிலிருந்து மின்சாரம் பேட்டரியைத் தொடாமல் நேரே பல்புக்கு. ஸ்லோ ஸ்பீடில் மங்கி, ஆக்சிலேட்டரை முறுக்கினால் பிரகாசிப்பது இதன் அடையாளம். திருத்தணி மலைச்சாலை இந்த வகையை நன்றாகக் காட்டிக்கொடுக்கும். கோயிலுக்கு ஏறும்போது தாழ்ந்த கியர், உயர்ந்த இஞ்சின் வேகம், சாலை முழுக்க வெளிச்சம். தரிசனம் முடிந்து இறங்கும்போது கிளட்சைப் பிடித்து வண்டியை உருளவிட்டால் இஞ்சின் ஸ்லோவுக்கு வந்துவிடும். வளைவில் வெளிச்சம் வேண்டிய அந்த நேரத்தில் ஹெட்லைட் மங்கும். இதற்கு மருந்து பல்பில் இல்லை. கியரில் விட்டு இறங்கினால் இஞ்சின் வேகமும் குறையாது, வெளிச்சமும் மங்காது, பிரேக்கும் சூடாகாமல் தப்பும்.

ஏசி வண்டியில் பெரிய பல்பு போட்டவர்கள் ஒரு வியப்பைக் கண்டிருப்பார்கள்: 60 வாட் பல்பு பழைய 35-ஐ விட மங்கலாக எரியும். காரணம், காந்தக் காயில் ஓரளவுக்கு மேல் ஆம்பியர் தராது. 3 ஆம்பியர் தருவதற்குச் சுற்றிய காயில், 5 ஆம்பியர் கேட்கும் இழைக்கும் ஏறத்தாழ அந்த 3-ஐத்தான் தரும். தடித்த இழை அரைகுறையாகச் சூடாகி மஞ்சளாய், சிவப்பாய் நிற்கும். இதையே தலைகீழாகப் பார்த்தால் பழைய ஸ்கூட்டர்காரர்கள் அறிந்த இன்னொரு தொல்லை விளங்கும். ஹெட்லைட் பல்பு ஃபியூஸ் ஆன அதே நிமிடத்தில் பின்விளக்கும் போய்விடும். பெரிய சுமை விலகியதும் காயிலின் வோல்ட்டேஜ் எகிறிச் சிறிய பல்பைத் தின்றுவிடுகிறது. ஹெட்லைட் பல்பு வெளிச்சம் தருவதோடு வோல்ட்டேஜை அடக்கிப் பிடிக்கும் வேலையையும் செய்து வந்திருக்கிறது என்க.

இரண்டாவது டிசி வண்டி. மேக்னட் தருவது எல்லாம் ஆர்.ஆர். யூனிட்டில் நேராக்கப்பட்டுப் பேட்டரிக்குப் போய், அங்கிருந்து ஹெட்லைட்டுக்கு வரும். ஸ்லோ ஸ்பீடிலும் வெளிச்சம் குறையாது. ஆகவே இதில் பெரிய பல்பு உடனே மங்காமல் நன்றாகவே எரியும். தண்டனை தள்ளிப்போகும், அவ்வளவுதான். ஆடிக் கிருத்திகை நெரிசலில் வண்டி ஊர்ந்துகொண்டே போகிறது என்று வைத்துக்கொள்வோம். இஞ்சின் ஸ்லோவில் இருக்கிறது, வருமானம் குறைவு, பற்றாக்குறை 2 ஆம்பியர். அதைப் பேட்டரி தன் கையிலிருந்து தருகிறது. சிறிய வண்டியின் பேட்டரி 3 ஆம்பியர்-மணி அளவில் இருந்தால் ஒன்றரை மணியில் கணக்கு முடிந்தது. பழைய பேட்டரி என்றால் அதற்கும் முன்பே. முதலில் இண்டிகேட்டர் துடிப்பு தளரும், பிறகு ஹாரன் கம்மும், காலையில் செல்ஃப் சுற்றாது. "பேட்டரி சரியில்லை" என்று கம்பெனியைத் திட்டுவார்கள். திருத்தணியிலிருந்து வடக்கே போனால் திருப்பதி அருகே கரகம்பாடியில் அமர ராஜாவின் பேட்டரித் தொழிற்சாலை. பேட்டரி செய்யுமிடத்துக்கு இவ்வளவு அருகில் இருந்தும், சார்ஜிங் கணக்கை யாரும் கேட்பதில்லை.

எது எந்த வகை என்று அறிய எளிய சோதனை, இஞ்சினை நிறுத்திச் சாவி மட்டும் போட்டு ஹெட்லைட்டைப் பார்ப்பது. எரிந்தால் டிசி. எரியாவிட்டால் ஏசி என்று முடிவுகட்டிவிடக் கூடாது. 2017 ஏப்ரல் 1 முதல் புதிய இருசக்கர வண்டிகளில் ஹெட்லைட் தானாக எரிய வேண்டும் என்று விதி வந்தபின், இஞ்சின் ஓடினால்தான் எரியும்படி செய்த டிசி வண்டிகளும் உண்டு. அங்கே மீட்டரை ஹோல்டரில் வைத்துப் பார்ப்பதே வழி. இந்த விதியால் இன்னொன்றும் நேர்ந்தது: ஹெட்லைட்டுக்கு ஆஃப் ஸ்விட்ச் போயிற்று. முன்பு பெரிய பல்பு இரவில் மட்டும் செலவு வைத்தது. இப்போது பட்டப்பகலிலும் வைக்கும்.

இனிச் சூடு. ஒயரில் உண்டாகும் சூடு ஆம்பியரின் வர்க்கத்தில் ஏறும். 3 ஆம்பியர் 5 ஆனால் சூடு மூன்று மடங்குக்கு அருகில். 8.3 ஆனால் ஏழரை மடங்குக்கும் மேல். மேலே சொன்ன 0.3 ஓம் கணக்கில், 35 வாட் பல்பு எரியும்போது வழியில் சூடாவது 2.7 வாட். 100 வாட் பல்புக்கு அது 20 வாட். இந்த இருபதும் ஒயர் முழுதும் பரவினால் ஒன்றுமில்லை. எங்கே தடை அதிகமோ அங்கே குவியும். அந்த இடம் பெரும்பாலும் ஹோல்டரின் தளர்ந்த தகடு, அல்லது டிப்பர் ஸ்விட்சுக்குள் இருக்கும் சின்னப் புள்ளி. ரேடியோ ரிப்பேர்க் கடையில் ஈயம் உருக்கும் சால்டரிங் அயர்ன் 25 வாட்தான்.

ஹோல்டர் முதலில் பழுப்பாகும், பிறகு உருகும். உருகிய ஹோல்டரில் தகடு இன்னும் தளரும், தடை ஏறும், சூடு ஏறும். இதற்குத்தான் செராமிக் ஹோல்டர் விற்கிறார்கள். ஹோல்டர் உருகாது, சரி. சூடு பின்னால் உள்ள ஒயரின் தோலுக்குப் போகும். முன்னால் டூமுக்கும் போகும். இன்றைய டூம் பிளாஸ்டிக், அதன்மேல் பளபளக்கும் மெல்லிய பூச்சு. 35 வாட்டுக்குச் செய்ததில் 100 வாட் எரிந்தால் பூச்சு மங்கும், மேற்புறம் கொப்பளிக்கும். பூச்சு மங்கிய டூம் எந்தப் பல்பு போட்டாலும் வெளிச்சம் தராது. மெக்கானிக் கடை மூலையில் குவிந்து கிடக்கும் டூம்களை ஒருமுறை கையில் எடுத்துப் பார்த்தால் போதும்.

ஃபியூஸ் எதற்கு இருக்கிறது என்று கேட்கலாம். ஃபியூஸ் காப்பது ஷார்ட்டிலிருந்து. 10 ஆம்பியர் ஃபியூஸுக்கு 8.3 ஆம்பியர் இயல்பான நாள்; உருகும் ஹோல்டர் அதன் கண்ணில் படாது. ஹாரனும் சேர்ந்து அந்த ஃபியூஸ் போனால், "அடிக்கடி போகுது" என்று 20 ஆம்பியர் ஃபியூஸோ சிகரெட் காகிதமோ வைத்துவிடுகிறார்கள். இந்த மூலத்துக்கு இதைவிடப் பெரிய பிழையுரை கிடையாது.

பின் வெளிச்சத்துக்கு வழிதான் என்ன? டிசி வண்டிக்கு ரிலே. பேட்டரியிலிருந்து தனியாகத் தடித்த செம்பு ஒயர், 1.5 சதுர மில்லிமீட்டர் போதும். பேட்டரிக்கு அருகிலேயே ஒரு ஃபியூஸ். அங்கிருந்து ரிலேயின் 30-ஆம் எண் முனைக்கு. 87-இலிருந்து ஹோல்டருக்கு. 85, 86 இரண்டும் ரிலேயின் உள் காயில்: ஒன்றுக்குப் பழைய ஹெட்லைட் ஒயர், மற்றதற்கு எர்த். ஹை, லோ இரண்டுக்கும் ஒவ்வொரு ரிலே. ஹோல்டரின் எர்த்தும் தடித்த ஒயரில் நேரே பேட்டரிக்கு. இனி டிப்பர் ஸ்விட்ச் வழியாகப் போவது கால் ஆம்பியருக்கும் குறைவு. அது எந்நாளும் கருகாது. இதைச் செய்துவிட்டுப் பழைய 35 வாட் பல்பையே போட்டுப் பார்த்தவர்கள் பலர் அதோடு திருப்தி அடைகிறார்கள். தொலைந்த ஐந்தில் ஒரு பங்கு வெளிச்சம் திரும்பி வந்திருக்கும். ஆனால் ரிலே வழித்தடையைத்தான் நீக்கும், மேக்னட்டின் வருமானத்தைக் கூட்டாது. 100 வாட் பல்புக்கு ரிலே போட்டால் அது பேட்டரியை இன்னும் திறமையாகக் காலி செய்யும்.

ஏசி வண்டிக்கு இந்த ரிலே சரிவராது, கிர்ரென்று அதிரும். அங்கே சில மெக்கானிக்குகள் காயிலின் எர்த் முனையைப் பிரித்து, இரு முனைகளையும் ஃபுல் வேவ் ஆர்.ஆர். யூனிட்டுக்குக் கொண்டுபோய் வண்டியையே டிசி ஆக்குகிறார்கள். நல்ல கை செய்தால் நல்ல வேலை. காயிலைத் திரும்பச் சுற்றாதவரை வருமானம் பழையதுதான் என்பதை மட்டும் மறக்கக் கூடாது.

பி.எக்ஸ்.43.டி

வளையத்தின் அடையாளம். எச்4-இன் வளையம் பி.43.டி, இதில் ஒரு எக்ஸ் கூடுதல். இரண்டும் பார்வைக்கு இரட்டையர். மூன்று காதுகளின் அளவில் சிறு வேறுபாடு. அந்த வேறுபாடு வேண்டுமென்றே வைத்தது: 35 வாட் டூமில் 60 வாட் பல்பு உட்காரக் கூடாது. அரம் எடுத்து ஒரு காதைத் தேய்த்து உட்கார வைப்பது ஊர் வழக்கம். உட்காரும். ஆனால் காது தேய்ந்த பல்பு அரை டிகிரி திரும்பி நின்றால் உள்ளே இருக்கும் கிண்ணமும் திரும்பும். லோ பீம் ஒரு பக்கம் தூக்கிக்கொள்ளும். வலப்பக்கம் தூக்கினால் எதிரே வருகிறவர் பாடு.

ஈ4

வட்டத்துக்குள் ஈயும் ஓர் எண்ணும். ஐக்கிய நாடுகளின் ஐரோப்பியப் பொருளாதார ஆணைய விதிப்படி சோதித்துத் தேர்ந்த பல்பு என்ற முத்திரை. எண் எந்த நாடு தேர்வு செய்தது என்பதைக் காட்டும். 1 ஜெர்மனி, 4 நெதர்லாந்து, 11 பிரிட்டன். இழை நிற்கும் இடம், கிண்ணத்தின் கோணம், ஒளியின் அளவு எல்லாம் சரிபார்த்தது என்று பொருள். நூறு வாட் ரகமான 100/90 பல்புகளில் இந்த முத்திரை சாலை உபயோகத்துக்குக் கிடையாது; பெட்டியின் ஓரத்தில் பொடி எழுத்தில் பொதுச்சாலைக்கு அன்று என்று அச்சிட்டிருப்பதும் உண்டு. அந்தப் பொடி எழுத்தை வாங்குகிறவரும் படிப்பதில்லை, விற்கிறவரும் படித்துக் காட்டுவதில்லை.

முத்திரையிலிருந்து சட்டத்துக்கு வருவோம். திருத்தணி 1960 ஏப்ரல் 1 அன்று ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்திலிருந்து சென்னை மாநிலத்துக்கு வந்த ஊர். மாநில எல்லை சில மைல்களில். ஒரே இரவில் இரண்டு மாநிலத்திலும் ஓடுகிற வண்டிக்குச் சட்டம் மட்டும் ஒன்றே, மத்திய அரசினுடையது. மத்திய மோட்டார் வாகன விதிகளில் 106-ஆம் விதி கண்கூச்சத்தை அளந்தே சொல்கிறது. விளக்குக்கு முன்னால் 8 மீட்டர் தூரத்தில், விளக்கின் வலப்பக்கம் அரை மீட்டர் தள்ளி, தரையிலிருந்து 1.5 மீட்டர் உயரத்தில் இருக்கும் கண்ணைக் கூசச் செய்யாதபடி ஒளி கீழே திருப்பப்பட்டிருக்க வேண்டும். எனக்குப் பிடித்த விதி இது. வாட் பற்றிப் பேசாமல், எதிரே நிற்கிற ஆளின் கண் எங்கே இருக்கிறது என்பதிலிருந்து தொடங்குகிறது. 2019-இன் திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவு, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் வண்டியின் சொந்தக்காரருக்கு 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ என்கிறது.

ஹெட்லைட் கண்ணாடியின் நடுவில் கறுப்பு ஸ்டிக்கர் ஒட்டுவது தமிழ்நாட்டின் பழைய பரிகாரம். அது கொஞ்சம் ஒளியைக் குறைக்கும், திசையைத் திருப்பாது. திசை டூமின் அடியில் உள்ள திருகில் இருக்கிறது. வண்டியைச் சமதரையில் நிறுத்தி, ஆள் உட்கார்ந்து, சுவரைப் பார்த்து லோ பீம் போட்டு, ஒளியின் மேல்விளிம்பு விளக்கின் நடுமட்டத்துக்குக் கீழே நிற்கும்படி திருகினால் போதும். பின்சீட்டில் ஆள் ஏறினால் வண்டியின் வால் தாழ்ந்து முகம் உயரும் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். காவடியோடு மூவராய் வருகிற குடும்பத்தின் ஹெட்லைட் மரக்கிளையைத்தான் காட்டும்.

யு

கண்ணாடியில் புறஊதாக் கதிரைத் தடுக்கும் குவார்ட்ஸ் என்று பொருள். பிளாஸ்டிக் டூமும் பிளாஸ்டிக் முன்கண்ணாடியும் மஞ்சளாகாமல் இருக்க இது வேண்டும். பல்பைப் போடும்போது கண்ணாடியை விரலால் தொடக் கூடாது என்பதும் இங்கே சேரும். விரலின் எண்ணெய் பட்ட இடம் தனியே சூடேறி வெடிக்கும்.

இடைச்செருகல்

இவ்வளவும் மூலம். அண்மையில் சில பிரதிகளில் வேறொரு பாடம் காணப்படுகிறது: "எல்.இ.டி. · 6000 கே · 100 டபிள்யூ". இதை மூலத்தோடு சேர்த்துப் படிப்பது பிழை. 100 என்று பெட்டி சொன்னாலும் மீட்டரில் பார்த்தால் இழுப்பது பெரும்பாலும் அதைவிட மிகக் குறைவு. அதுவே இதன் நற்பண்பு: ஒயரும் ஸ்விட்சும் பேட்டரியும் மூச்சுவிடும்.

ஆனால் ஆர்.ஆர். யூனிட் விடாது. நம் வண்டிகளில் பெரும்பாலானவை ஷண்ட் வகை. மேக்னட் தரும் மின்சாரத்தில் வண்டி வேண்டாத பங்கை இந்த யூனிட் எர்த்துக்குத் திருப்பிவிட்டுத் தான் சூடாகும். பல்பு 35-க்குப் பதில் 15 எடுத்தால் மிச்சத்தைத் திருப்பிவிடும் வேலையும் யூனிட்டின் தலையில். காற்றுப் படாத இடத்தில் இருக்கும் பழைய யூனிட் இதில் கருகும். ஏசி வண்டியில் நேரே போட்டால் எல்.இ.டி. ஸ்லோ ஸ்பீடில் படபடக்கும்.

முதல் சீரில் பார்த்த கிண்ணத்தை இப்போது தேட வேண்டும். இழை நின்ற இடத்தில், இழையின் அளவில், அதே கிண்ணத்தோடு எல்.இ.டி. சில்லு நின்றால்தான் டூம் அதை இழையாக எடுத்துக்கொள்ளும். மலிவு எல்.இ.டி.யில் சில்லு அகலம், கிண்ணம் பெயருக்கு. ஒளி சாலைக்குப் போகாமல் எட்டுத் திசையும் சிதறும். ஓட்டுகிறவருக்கு முன்னால் பத்தடி பளீரென்றிருக்கும், நூறடிக்கு அப்பால் கரும்பு டிரெய்லர் இருட்டில் இருக்கும். சிதறிய அந்த ஒளி, 6000 கே என்ற நீலம் கலந்த வெள்ளை, மழையிலும் மார்கழிப் பனியிலும் கண்ணுக்கே திரும்பி வரும். பின்னால் உள்ள ஃபேனுக்கு இடம் போதாமல் டூமின் ரப்பர் மூடியை வெட்டி எறிந்துவிட்டால் மழைநீரும் உள்ளே.

கம்பெனியிலேயே எல்.இ.டி.க்கென்று டூம், ஆர்.ஆர். யூனிட் எல்லாம் சேர்த்துச் செய்து வரும் ஹெட்லைட்டுகள் வேறு. அவற்றின்மேல் இந்தக் குற்றம் சாராது. ஹாலஜன் டூமில் எல்.இ.டி. பல்பு போடுவதையும் ஒழுங்காகச் செய்ய முடியும் என்று ஜெர்மனியில் காட்டியிருக்கிறார்கள். 2020-இல் ஆஸ்ராம் நிறுவனத்தின் எல்.இ.டி. பல்பு ஒன்றுக்கு அங்கே சாலை அனுமதி கிடைத்தது. அனுமதி பல்புக்கு மட்டும் அல்ல, பட்டியலிட்ட மாடல்களில் அதைப் போட்டுச் சோதித்த பிறகு அந்த மாடல்களுக்கு மட்டும். இங்கே கடை வாசலில் தொங்கும் பெட்டிகளில் எல்லா வண்டிக்கும் பொருந்தும் என்று போட்டிருக்கிறது.